தாய்ப்பாலூட்டலும் குழந்தையின் வாய் வளர்ச்சியும்

பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை சிறியது. மேல்தாடைக்குச் சற்றுப் பின்னடங்கி இருக்கும். அது முன்னோக்கி வளர்வதும், அண்ணம் அகன்று பற்களுக்கு இடம் தருவதும் முதல் சில ஆண்டுகளில் நிகழ்கின்றன. பரம்பரைக் கூறுகளுடன் குழந்தை பால் குடிக்கும் முறைக்கும் இதில் பங்குண்டு.

தாயிடம் பால் குடிப்பது குழந்தைக்குக் கடும் உழைப்பு. வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியையும் சேர்த்துக் கவ்வினால்தான் பால் நன்றாக இறங்கும். மென்மையான காம்பு நீண்டு, வல்லண்ணமும் மெல்லண்ணமும் சேரும் இடத்தை நெருங்குகிறது. நாக்கு அதை அண்ணத்தோடு அணைத்துப் பிடிக்கிறது. பிறகு நாக்கும் கீழ்த்தாடையும் தாழும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகிப் பால் பாய்ந்து வருகிறது. உறிஞ்சல், விழுங்கல், மூக்கால் மூச்சுவிடல் ஆகிய மூன்றும் பிசகாமல் இணைய வேண்டும். பச்சிளங்குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடிப்பதால், தாடைக்கும் நாக்குக்கும் இடைவிடாத பயிற்சி கிடைக்கிறது. புட்டியில் பால் எளிதாக வழிவதால் இந்த உழைப்பு குறைகிறது.

தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் பல்வரிசைக் கோளாறுகள் 68 சதவீதம் குறைவு என்கிறது, 2016இல் ‘தி லான்செட்’ இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு. அதை ஒரு வாக்குறுதியாகக் கொள்ளலாகாது. ஆய்வுகள் பெரும்பாலும் பால்பற்களைப் பற்றியவை. மேலும், விரல் சூப்புவதும் ரப்பர் காம்பைச் சப்புவதும் பல்வரிசையைக் கெடுப்பவை. அவற்றின் விளைவைத் தனியே பிரித்தறிவது கடினம். ரப்பர் காம்பைத் தேனில் தோய்த்துத் தருவது பெருந்தவறு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே ஆகாது.

பால் குடிக்கும்போது தாய்க்கு வலி நீடித்தாலோ குழந்தையின் எடை ஏறாவிட்டாலோ, கவ்வும் முறையையும் நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். சவ்வு குட்டையாக உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பின் இணை உணவுடன் 2 வயது வரையோ அதற்கு மேலோ என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 12 மாதத்துக்குப் பின் இரவில் அடிக்கடி பால் குடிக்கும் குழந்தைகளுக்குப் பற்சொத்தை வரும் வாய்ப்பு கூடுகிறது. அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. முதல் பல் முளைத்ததிலிருந்து அரிசியளவு ஃபுளோரைடு பற்பசையால் தினமும் இருவேளை துலக்க வேண்டும். புட்டிப்பால் தர நேர்ந்த தாய்மார் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக் கொடுங்கள், புட்டியை வாயில் வைத்தபடி உறங்க விடாதீர்கள், முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.