இருபது நிமிடம் ஏறும் மருந்து

அவசர சிகிச்சைப் பிரிவு என்றதுமே ஓட்டமும் பரபரப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. சிங்கப்பூரில் இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கான அவசர சிகிச்சை வளர்ந்த விதத்தைப் பார்த்தால், அந்த நினைப்பில் பாதிதான் உண்மை. எந்தத் துடிப்புக்கு விரைவு வேண்டும், எதற்குப் பொறுமை வேண்டும் என்று பிரித்தறிந்ததுதான் அங்கே நடந்த உண்மையான முன்னேற்றம் என்பது என் வாதம். கருவிகளும் புதிய மருந்துகளும் எல்லா நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆனால் ஊட்ரம் வளாகத்தில் இருக்கும் சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் மருத்துவர்கள் வெளிநாட்டுப் புத்தகம் சொன்னதோடு நிற்காமல், தங்களிடம் வந்த நோயாளிகளையே ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது இதயத்தின் மேலறை சார்ந்த அதிவேகத் துடிப்பு. நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கும். துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டும், சிலருக்கு 200-ஐயும் எட்டும். மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கடத்திவிடும் ஏவி முடிச்சு வழியாக ஒரு சுற்று உண்டாகி, மின்னோட்டம் அதிலேயே சுழல்வதுதான் பெரும்பாலும் காரணம். முடிச்சைக் கணநேரம் அடைத்தாலே சுற்று அறுந்து துடிப்பு சீராகிவிடும். இரத்த அழுத்தம் தாக்குப்பிடிக்கும்வரை, நோயாளி எவ்வளவு பயந்திருந்தாலும், மருத்துவருக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஊட்ரம் ஆய்வுகள் எல்லாம் அந்த அவகாசத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியவையே.

லிம் சுவீ ஹான், வி. அனந்தராமன், தியோ வீ சியோங் ஆகியோரின் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வு, மருந்தே இல்லாத இரண்டு வழிகளை ஒப்பிட்டது. மூச்சை அடக்கி முக்குவது ஒன்று, கழுத்துத் தமனியை அழுத்தித் தேய்ப்பது மற்றொன்று. முதலில் முக்கியவர்களில் 19.4 விழுக்காட்டினருக்கும், முதலில் கழுத்தில் தேய்க்கப்பட்டவர்களில் 10.5 விழுக்காட்டினருக்கும் துடிப்பு சீரானது. ஒன்று பலிக்காதவர்களுக்கு மற்றதையும் செய்தபோது, மொத்தம் இருந்த 148 பேரில் 27.7 விழுக்காட்டினர் ஊசியே இல்லாமல் தேறினார்கள். சின்ன எண்ணிக்கைதான் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நால்வரில் ஒருவருக்கு ஊசி மிச்சம் என்பது அந்த ஒருவருக்குச் சின்ன விஷயம் இல்லை. முக்கியவரை உடனே படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் 43 விழுக்காட்டினருக்குப் பலிக்கிறது என்று பிரிட்டனில் ஓர் ஆய்வு காட்டியது 2015-இல்தான்.

மருந்து விஷயத்தில் ஊட்ரம் மருத்துவர்கள் கேட்ட கேள்வி இன்னும் துணிச்சலானது. வெராப்பமில் பழைய மருந்து, மலிவானது. அதைச் சட்டென்று ஏற்றினால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அடினோசின் சில நொடிகளில் வேலை செய்து, சில நொடிகளில் மறைந்தும்விடும். ஆகவே அதுவே முதல் தேர்வாயிற்று. அந்தச் சில நொடிகளில் நெஞ்சு இறுகி, உயிர் போகிறதோ என்று நோயாளி கலங்குவது மட்டும் அதோடு சேர்ந்தே வந்தது. குறை வெராப்பமிலில் இருக்கிறதா, அதை ஏற்றும் வேகத்தில் இருக்கிறதா? வெராப்பமிலை நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் வீதம் 20 மில்லிகிராம்வரை, அதே வகை மருந்தான டில்டியாசெமை நிமிடத்துக்கு 2.5 வீதம் 50 மில்லிகிராம்வரை, ஆக அதிகம் போனால் இருபது நிமிடம், நிதானமாக ஏற்றிப் பார்த்தார்கள். 2009-இல் வெளியான முடிவில் 206 நோயாளிகள். மெதுவாக ஏற்றிய மருந்துகளால் 98 விழுக்காட்டினருக்கும் அடினோசினால் 86.5 விழுக்காட்டினருக்கும் துடிப்பு சீரானது. மருந்து மெதுவாக ஏற்றப்பட்டவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் தாழ் இரத்த அழுத்தம் ஏற்பட்டது.

ஓர் ஊரின் கணக்கை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா என்ற மறுப்பு நியாயமானது. 2017-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழு ஏழு ஆய்வுகளை, 622 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது அடினோசினுக்கு 89.7, மற்ற மருந்துகளுக்கு 92.9 விழுக்காடு என்று வந்தது. இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. ஆகவே பழைய மருந்து மேலானது என்று நான் சொல்லமாட்டேன். மலிவான மருந்து குறைந்ததல்ல என்று தெரிந்ததே பெரிய ஆதாயம். பழைய மருந்தை மெதுவாக ஏற்றிப் பார்க்க மருந்து நிறுவனங்களுக்கு என்ன அக்கறை இருக்கப்போகிறது? பொது மருத்துவமனைதான் அதைச் செய்யவேண்டியிருந்தது. இன்னொரு மறுப்பு கனமானது. கீழறையிலிருந்து எழும் அதிவேகத் துடிப்பை ஈசிஜியில் தவறாகப் படித்து வெராப்பமில் கொடுத்தால் உயிரே போகலாம். இதயம் பலவீனமானவர்களுக்கும் அது ஆகாது. முழுக்கச் சரி. பொறுமை என்று நான் சொல்வதே துடிப்பை முதலில் சரியாகப் படிப்பதைத்தான். நோயாளி நிலைகுலைந்துவிட்டால் இருபது நிமிடத்துக்கு இடமே இல்லை, மின் அதிர்ச்சிதான்.

கீழறைகள் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கினால் கணக்கே தலைகீழ். யாரும் நெஞ்சை அழுத்தாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை வெளிநாட்டு ஊழியர்கள் திரளும் சிராங்கூன் சாலையிலோ, அதையொட்டிய தேக்கா வட்டார அடுக்குமாடிகளின் மேல்தளத்திலோ ஒருவர் விழுந்தால், ஆம்புலன்ஸ் கூட்டத்தைக் கடந்து, மின்தூக்கிக்குக் காத்திருந்துதான் அவரை அடையவேண்டும். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை இதை உணர்ந்து, அவசர எண் 995-ஐ அழைப்பவருக்குத் தொலைபேசியிலேயே நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியைச் சொல்லிக்கொடுக்கும் முறையை 2012-இல் கொண்டுவந்தது. 2015-இல் வந்த மைரெஸ்பாண்டர் செயலி, விழுந்தவரைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருக்கும் தொண்டூழியரை அழைத்தது. அதே ஆண்டில் இரண்டு வீவக (பொது வீடமைப்பு) புளோக்குகளுக்கு ஒன்று என்ற இலக்கோடு, மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவிகள் பொருத்தும் திட்டம் தொடங்கியது. டாக்சிகளிலும் அவை ஏறின. அந்தக் கருவியை ஒட்டியவுடன் அது அதிர்ச்சி கொடுத்துவிடுவதில்லை. நடுக்கமா, கீழறையின் அதிவேகத் துடிப்பா, வேறு ஏதாவதா என்று முதலில் சில நொடிகள் துடிப்பைப் படிக்கிறது. மின்சாரம் உதவாத துடிப்பாக இருந்தால், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதிர்ச்சி கொடுக்க மறுத்துவிடுகிறது.