கையா, இயந்திரமா? ஜெனித் விளம்பரங்களும் சால்டர் இணைப்பின் வடிவமும்

சிகாகோவின் ஜெனித் நிறுவனம் 1950களிலும் 60களிலும் வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரங்கள், மின்னணு உற்பத்தியில் கைவேலைக்கும் இயந்திரத்துக்கும் நடந்த போட்டிக்குச் சான்றாக எடுத்தாளப்படுகின்றன. தங்கள் பெட்டிக்குள் பிரிண்டட் சர்க்யூட் போர்டு இல்லை, கம்பிகள் கையால் இணைத்து சால்டர் செய்யப்பட்டவை, ஆகவே நெடுநாள் உழைக்கும் என்பது அவற்றின் சாரம். இதைக் கைவினைப் பெருமிதமாகக் கொள்வது ஒரு வாசிப்பு. வெறும் வணிக உத்தியாகக் கொள்வது மற்றொன்று. இரண்டுமே இணைப்பு எப்படி அமைந்திருந்தது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

விளம்பரம் இரண்டு வேறுபாடுகளை ஒன்றாகக் கட்டித் தருகிறது. சால்டர் வைப்பது கையா இயந்திரமா என்பது ஒன்று. சால்டர் எதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று. கைவயரிங் செய்த சேசிஸில் கம்பி, டேக் எனும் உலோக முனையின் துளை வழியே நுழைந்து, குறடால் வளைத்து இறுக்கப்பட்டது. சால்டர் உருகி ஓடுவதற்கு முன்பே கம்பி அசையாமல் நின்றது. இழுவிசையைக் கம்பியின் வளைவு தாங்கியது. சால்டரின் வேலை பெரும்பாலும் மின்தொடர்பைக் காப்பதுதான்.

அக்காலப் போர்டில் நிலைமை வேறு. ஃபீனாலிக் பிசின் ஊறிய காகித அட்டையில், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே செம்புத் தகடு ஒட்டப்பட்டிருந்தது. துளைக்குள் உலோகப் பூச்சு இல்லை. ஆகவே உறுப்பின் காலைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு, அடியில் இருந்த சிறு சால்டர் கூம்பின் மேல் விழுந்தது. பெட்டியின் வெற்றிடக் குழாயான வால்வு சூடேறி ஆறும்போதெல்லாம் அட்டையும் காலும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கின. வால்வைக் கழற்றி மாட்டும்போது அட்டை வளைந்தது. நாளடைவில் காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் விழும். பெட்டியைத் தட்டினால் படம் வரும், விட்டால் போகும். மெக்கானிக் சூட்டுக்கோலைச் சற்று அதிக நேரம் வைத்துவிட்டால் செம்புத் தகடே அட்டையிலிருந்து உரிந்து வரும். விளம்பரம் சொன்ன குறை உண்மையானது. அதற்கு அது காட்டிய காரணம்தான் தவறு.

இவ்விரு வேறுபாடுகளையும் பிரித்துப் பார்க்க உதவும் சான்று வயர்-ராப் முறை. பெல் ஆய்வகம் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கிய இம்முறையில், கூர்விளிம்புள்ள சதுர முனையின்மேல் கம்பி இழுத்துச் சுற்றப்படும். விளிம்புகள் கம்பிக்குள் பதிந்து, காற்றுப் புகாத தொடர்பு உண்டாகும். சால்டரே தேவையில்லை. இதைத் தானாகச் சுற்றும் இயந்திரங்களும் வந்தன. அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினியிலும் இவ்வகை இணைப்புகள் இருந்தன. கையும் இல்லை, சால்டரும் இல்லை. இறுகச் சுற்றிய கம்பி மட்டும் எஞ்சியது. நம்பகத்தன்மை குறையவில்லை.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. டிரான்சிஸ்டர் வந்து உள்வெப்பம் தணிந்தது. கண்ணாடியிழை எபாக்சி அட்டையும் உட்பூச்சுத் துளையும் பரவின. துளை நெடுகிலும் சால்டர் ஏறிப் பிடிக்க இடம் கிடைத்தது. 1970களில் ஜெனித்தும் போர்டுகளுக்கு மாறியது.

விளம்பரம் விற்பனைக்காக எழுதப்பட்டது என்ற மறுப்பு பெரிதாகப் பொருட்படுத்தத் தக்கதன்று. விற்கும் நோக்கம் ஒரு கூற்றைப் பொய்யாக்கிவிடாது. ஆளுக்கு ஆள் கைத்திறன் மாறும் என்ற மறுப்புக்குக் கூடுதல் வலு உண்டு. ஆனால் இறுக வளைத்த கம்பி, சால்டரில் நேரும் சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால், சால்டர் தாங்கும் சுமையே முக்கியம் என்ற முடிவுக்கே அதுவும் துணைநிற்கிறது. ஜெனித் பொறியாளர்கள் இதை எவ்வளவு உணர்ந்திருந்தார்கள் என்பதை விளம்பரத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலாது.

இன்றைய தொழில்தரமான ஐபிசி-ஏ-610 இப்பார்வைக்கு ஒத்துவருகிறது. சூட்டுக்கோலோ, வேவ் சால்டரிங்கோ, ரீஃப்ளோ அடுப்போ எதுவாயினும், சிறப்பு விதிவிலக்குகள் நீங்கலாக, இணைப்பை ஏற்கும் அளவுகோல் ஒன்றே. சால்டர் பரப்பில் படர்ந்து ஒட்டியிருக்கிறதா, துளையில் போதிய அளவு ஏறியிருக்கிறதா என்பதே சோதிக்கப்படுகிறது. ஜெனித் விளம்பரங்களை இந்த அளவுகோலோடு சேர்த்து வாசிப்பதே பொருத்தம். அவை கைவேலையின் மேன்மைக்குச் சான்றாகா. பொறுக்க முடியாத சுமையைச் சால்டர்மேல் ஏற்றிய ஒரு காலகட்டத்துப் போர்டு வடிவமைப்புக்கே சான்றாகும்.