பேட்ச் மதிப்பாய்வு (லினக்ஸ் கர்னல்)

லினக்ஸ் கர்னலில் சேர்ப்பதற்காக அனுப்பப்படும் நிரல் மாற்றத்தை (பேட்ச்) மற்ற நிரலாளர்கள் படித்துக் குறைநிறை சொல்லும் நடைமுறை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இத்திட்டத்தில் இது பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே நடக்கிறது.

நடைமுறை: மதிப்பாய்வாளர் குறிப்பிட்ட வரியை மேற்கோளிட்டு, அதன் கீழேயே கருத்தை எழுதுவார். அனுப்பியவரும் அதேபோல் வரிக்கு வரி பதில் தர வேண்டும். திருத்திய பேட்ச் ‘வி2’, ‘வி3’ என எண்ணிட்டு அனுப்பப்படும். முந்தைய வடிவிலிருந்து மாறியவை, மின்னஞ்சலில் மூன்று சிறு கோடுகளுக்குக் (---) கீழே பட்டியலிடப்படும். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ மென்பொருளின் வரலாற்றில் அவை பதிவாவதில்லை. பதில் வராவிட்டால், நினைவூட்டும் முன் குறைந்தது ஒரு வாரம் காத்திருப்பது மரபு.

கருத்து வேறுபாடு: எல்லாத் திருத்தங்களையும் ஏற்க வேண்டியதில்லை; ஆனால் மறுப்பதென்றால் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும். “இந்த நினைவகத்தை விடுவிப்பது யார்?” என்று மதிப்பாய்வாளர் கேட்கிறார் என்று கொள்வோம். அழைக்கும் செயற்கூறே அதை விடுவிக்கிறது என்றால் நிரலை மாற்றத் தேவையில்லை. ஆனால் அந்த விளக்கத்தை நிரல் குறிப்பிலோ மாற்றக் குறிப்பிலோ எழுதிவிட வேண்டும் என்கிறது கர்னல் வழிகாட்டி; ஒருவருக்கு எழுந்த ஐயம் அடுத்தவருக்கும் எழும். இணக்கம் ஏற்படாதபோது, பேட்ச் தொடர்பான கர்னல் பகுதியின் பராமரிப்பாளர் முடிவெடுப்பார்.

நடத்தை நெறி: மதிப்பாய்வு மின்னஞ்சல்களில் கடுஞ்சொற்களுக்குப் பேர்போனவர் டோர்வால்ட்ஸ். 2018 செப்டம்பரில் அவர் அதற்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். அதே மாதம் கர்னல் திட்டம் புதிய நடத்தை நெறியை ஏற்றது.