தரைப்படை கட்டிய கப்பல்கள்: மலாயாவுக்கு வந்த ‘ஷின்ஷு மாரு’

போர்க்கப்பல் என்றால் அது கடற்படைக்கு உரியது என்றுதான் நாம் நினைப்போம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானில் நிலைமை வேறு. அங்கு தரைப்படை தனக்கென்று கப்பல்களையும் படகுகளையும் கட்டிக்கொண்டது. போரின் பிற்பகுதியில் நீர்மூழ்கிகளைக்கூட வைத்திருந்தது. மலாயாப் படையெடுப்பைப் பற்றி வாசித்துக்கொண்டு போனபோது, அந்தக் கப்பல்களில் ஒன்று எனக்குத் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. அதன் பெயர் ‘ஷின்ஷு மாரு’.

தரைப்படைக்கு எதற்குக் கப்பல்? ஜப்பானின் இரு படைகளும் ஒன்றையொன்று நம்பவில்லை. கடற்படையின் கவனமெல்லாம் அமெரிக்கக் கடற்படையுடன் வரப்போகும் பெரும் மோதலில் இருந்தது. தரைப்படையோ சீனக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1915இல் கலிப்பொலியில் பிரித்தானியக் கூட்டுப்படைகள் பட்ட அடியையும் அது கவனமாக ஆராய்ந்திருந்தது. 1932இல் ஷங்ஹாயில் நடந்த சண்டையும் அதன் தேவையை உறுதிப்படுத்தியது.

கப்பலுக்குள்ளே படகுகள்

அதுவரை கரையிறங்குவது மெதுவான வேலை. கப்பல் நங்கூரமிட வேண்டும், படகுகளைப் பாரந்தூக்கியால் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், படையினர் ஏணியால் இறங்கி அவற்றில் ஏற வேண்டும். எதிரி சுட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

1934இல் கடலில் இறக்கப்பட்ட ஷின்ஷு மாரு இந்த முறையை மாற்றியது. படகுகள் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே வரிசையாக நின்றன. படையினர் உள்ளே வைத்தே அவற்றில் ஏறினர். பின்புறக் கதவு திறந்ததும் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் வழுக்கிச் சென்றன. இதற்கென்றே கட்டப்பட்ட உலகின் முதற் கப்பலாக இதைத்தான் சொல்வார்கள். இரகசியம் காக்க வேறு பெயர்களும் இதற்குச் சூட்டப்பட்டன. ‘ரியூஜோ மாரு’ அவற்றில் ஒன்று.

படகுகளும் புதிய வகையாக இருந்தன. சுமார் 15 மீற்றர் நீளமான ‘டைஹட்சு’ ஏறத்தாழ 70 பேரை ஏற்றும். கரை தட்டியதும் அதன் முன்பக்கம் பாலம்போல விழும். 1937இல் ஷங்ஹாயில் இருந்த அமெரிக்க மரைன் அதிகாரி விக்டர் குருலக் அதைப் படமெடுத்து வொஷிங்டனுக்கு அறிக்கை அனுப்பினார். அங்கே அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. பின்னர் அமெரிக்காவின் ஹிக்கின்ஸ் படகுகளுக்கும் அதே மாதிரியான முன்கதவுதான் பொருத்தப்பட்டது.

மலாயாவும் இலங்கையும்

1941 டிசம்பர் 8 அன்று தாய்லாந்தின் சிங்கோராவில் ஜப்பானியர் இறங்கினர். படைத்தளபதி யமஷிதா வந்தது இந்தக் கப்பலில்தான். எழுபது நாளில் சிங்கப்பூர் வீழ்ந்தது. யாழ்ப்பாணத்து ‘மலாயன் பென்சனியர்’ குடும்பங்களில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று பேசப்பட்டது அதன் பிறகு வந்த வருடங்களைத்தான். தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களின் நிலை இன்னும் மோசமானது. பல்லாயிரம் பேர் சியாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெருந்தொகையானோர் அங்கேயே மடிந்தனர்.

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பும் 9 அன்று திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. விமானங்களோடு அது முடிந்தது, படகுகள் வரவில்லை. இலங்கையைக் கைப்பற்றும் யோசனை ஜப்பானியக் கடற்படையிடம் இருந்தது. அதற்குத் துருப்புகளைத் தரத் தரைப்படை மறுத்துவிட்டது. கப்பல்களைப் பிறப்பித்த அதே பிளவு, எங்கள் கரையை ஒரு தரையிறக்கத்திலிருந்து காத்தது என்றே நான் வாசிக்கிறேன்.

திரும்பி வந்த அடி

1942 மார்ச் 1 அன்று ஜாவாவின் பன்டாம் குடாவில் ஜப்பானியக் கடற்படையின் ‘மொகாமி’ எதிரிக் கப்பலை நோக்கி டோர்பிடோக்களை ஏவியது. அவை சொந்தத் துருப்புக் கப்பல்களைத் தாக்கின. அடிபட்டவற்றில் ஷின்ஷு மாருவும் ஒன்று. அதில் இருந்த தளபதி இமாமுரா எண்ணெய் படிந்த கடலில் மணிக்கணக்காக மிதந்து கரை சேர்ந்தார். கப்பல் பின்னர் மீட்டுத் திருத்தப்பட்டது.

இதன் வழிவந்த ‘அகிட்சு மாரு’வுக்கு விமான ஓடுதளமும் இருந்தது. தொடக்கத்தில் அதிலிருந்து விமானங்கள் கிளம்பலாம், திரும்பி இறங்க முடியாது. 1944 நவம்பர் 15 அன்று அமெரிக்க நீர்மூழ்கியின் தாக்குதலில் அது சில நிமிடங்களில் மூழ்கியது. இரண்டு நாள் கழித்து, அதே தொடரணியில் சென்ற ‘மயாசான் மாரு’வும் மூழ்கியது. இரண்டிலுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதுகாப்புக்கு வந்த விமானந்தாங்கிக் கப்பலும் அதே இரவில் தப்பவில்லை. படையினர் விரைவாக வெளியேறுவதற்கென்றே கட்டப்பட்ட கப்பல்களில், வெளியேற அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

1945 ஜனவரி 3 அன்று தாய்வானுக்கு அருகில் விமானத் தாக்குதலில் ஷின்ஷு மாரு எரிந்தது. கைவிடப்பட்ட அதை ஒரு நீர்மூழ்கி மூழ்கடித்தது.

இன்று கொழும்புக்கும் திருகோணமலைக்கும் நல்லெண்ண விஜயமாக வெளிநாட்டுத் தரையிறக்கக் கப்பல்கள் வந்துபோகின்றன. பின்புறம் திறந்து படகுகளை வெளியே விடும் அவற்றின் அமைப்புக்கு முன்னோடி, சிங்கோராவில் வந்து நின்ற அந்தக் கப்பல்தான்.