மொட்டைமாடியில் ஒரு மீன்முள் – கிளியனூர் பக்கம் டிவி தெரிந்த கதை

"தெரியுதா?"
"இல்ல... இன்னும் கொஞ்சம் திருப்பு!"
"இப்ப?"
"ஆங்... அப்படியே விடு, கையை எடுக்காத!"

1980களில் தமிழ்நாட்டு கிராமங்களில் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' தொடங்குவதற்குச் சற்று முன்பு கூரைக்கும் கூடத்துக்கும் நடுவில் நடந்த உரையாடல் இது. கேபிளும் டிஷ்ஷும் இல்லாத காலம். காற்றில் வருவதைப் பிடித்தால்தான் படம். இல்லையென்றால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஈ மொய்க்கும்.

திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூரை எடுத்துக்கொள்வோம். கிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்களும் கடலும். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது. ஆனால் கிளியனூருக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். இந்தத் தூரம்தான் வில்லன்!

பூமி உருண்டை என்பதுதான் பிரச்சினை

டிவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியோ வளைந்திருக்கிறது. கோபுரத்தின் உயரத்துக்கும் ஆன்டெனாவின் உயரத்துக்கும் (மீட்டரில்) தனித்தனியே வர்க்கமூலம் எடுத்து, இரண்டையும் கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். 150 மீட்டர் கோபுரம், 10 மீட்டர் கம்பம் என்றால் சுமார் 63 கிலோமீட்டர். கம்பத்தை இரண்டு மடங்காக்கி 20 மீட்டர் ஆக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது 5 கிலோமீட்டர்தான்.

சவுக்குக் கம்பின் மேல் சவுக்குக் கம்பு கட்டியும் பலருக்குச் சென்னை சரியாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். அடிவானத்தைத் தாண்டியும் கொஞ்சம் அலை வளைந்து வரும். ஆனால் அது மிகவும் பலவீனமானது.

அந்தப் பலவீனமான அலையைப் பிடிக்கத்தான் மீன்முள் ஆன்டெனா. இதன் நிஜப் பெயர் யாகி-உடா. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் 1926 வாக்கில் உருவாக்கியது. ஒரே ஒரு குழாயில்தான் ஒயர் இணைக்கப்படும். பின்னால் இருக்கும் குழாய் அலையைத் திருப்பி அனுப்பும், முன்னால் இருப்பவை அலையைக் குவித்துக் கொடுக்கும். முள் கூடக்கூட ஒரே திசையில் கூர்மையாகப் பார்க்கும். அதனால்தான் காக்கை உட்கார்ந்து லேசாகத் திரும்பினாலும் படம் போனது.

அடுத்து பூஸ்டர். இதைப் பலர் டிவி பக்கத்திலேயே வைத்தார்கள். நீளமான ஒயரில் பாதி அலை செத்த பிறகு பெருக்கினால், படத்தோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். கம்பத்தின் உச்சியில் வைத்தால்தான் பலன். உப்பளக் காற்றில் இணைப்புகள் சீக்கிரம் பூத்துப்போகும் என்பது கடலோரத்துக்கே உரிய கூடுதல் தொல்லை.

கடல் தந்த போனஸ்

1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் முக்கியக் கோபுரம் 2524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையில். மேலே சொன்ன கணக்குப்படி அது எட்ட வேண்டியது சுமார் 220 கிலோமீட்டர். ராமேஸ்வரமே சுமார் 300 கிலோமீட்டர். ஆனாலும் தென்மாவட்டக் கடற்கரையிலும் தஞ்சை டெல்டாவிலும் ரூபவாஹினி பார்த்தவர்கள் ஏராளம்!

காரணம் வானிலை. கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்றும் அதன் மேல் உலர்ந்த சூடான காற்றும் படியும்போது, நடுவில் ஒரு குழாய் போல உருவாகி அலையை வளைத்து வெகுதூரம் கொண்டுபோகும். நேற்று பளிச்சென்று தெரிந்தது இன்று தெரியாமல் போனதற்கும் இதுவே காரணம். பழி மட்டும் ஆன்டெனாவைத் திருப்பியவர் மேல்!

1984 செய்த மாற்றம்

1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி ஏவப்பட்டது. நிகழ்ச்சிகளைச் செயற்கைக்கோளில் இருந்து வாங்கி, சிறு நகரங்களில் குறைந்த சக்தி நிலையங்கள் மூலம் பரப்பலாம் என்றானது. 1984இல் சில மாதங்கள் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் இவை திறக்கப்பட்டன. 100 வாட் சக்தி, சுமார் 25 கிலோமீட்டர் வட்டம். கம்பத்தை உயர்த்துவதைவிடக் கோபுரத்தைப் பக்கத்தில் கொண்டுவருவதே வழி என்பது நிரூபணமானது. 1987இல் ராமாயணம் தொடங்கியபோது ஊருக்கு ஒரு டிவி முன்னால் கூட்டம் கூடியதற்கு இந்தச் சின்னக் கோபுரங்களே காரணம்.

பிறகு கேபிள், 1993இல் சன் டிவி, 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச். மீன்முள் பழைய இரும்புக் கடைக்குப் போனது. 2022க்குள் ஏறத்தாழ 50 முக்கிய இடங்கள் தவிர மற்ற அனலாக் நிலையங்களைத் தூர்தர்ஷன் மூடியது. பார்ப்பவர்கள் இல்லை, செலவு அதிகம் என்பதால் முடிவு நியாயமானதுதான்.

இழந்தது என்ன?

அமெரிக்காவில் வண்டியையே வீடாக்கிக் காட்டோரம் தங்குபவர்கள் இன்றும் கூரையில் ஆன்டெனாவை உயர்த்தி உள்ளூர் சேனல் பார்க்கிறார்கள். அங்கே 2009இல் அனலாக்கை நிறுத்தியபோது அதே ஒளிபரப்பு டிஜிட்டலாகக் காற்றில் தொடர்ந்தது. நம் கிராமங்களுக்கு அப்படி ஒரு மாற்று பரவலாக வரவில்லை.

இது வெறும் பொழுதுபோக்கு விஷயமல்ல. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, கிளியனூருக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. டிடிஎச் அலையின் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அடைமழை அதை விழுங்கிவிடும். புயல் காற்றில் டிஷ் லேசாக அசைந்தாலும் படம் போய்விடும். கேபிள் அறுந்துபோகும். பழைய டிவி அலையோ மீட்டர் கணக்கில் நீளமானது, மழை அதை ஒன்றும் செய்யாது. கோபுரத்தில் ஜெனரேட்டரும் வீட்டில் ஒரு பேட்டரியும் இருந்தால் போதும்.

செய்தி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் புதிய வழிகள் முதலில் கைவிடுகின்றன. அந்த இடத்தை இப்போது நிரப்பக்கூடியது வானொலி மட்டுமே. கடலோர வீடுகளில் பேட்டரி போட்ட ஒரு சின்ன ரேடியோ இருப்பது இன்றைக்கும் பழைய பழக்கம் அல்ல, முன்ஜாக்கிரதை.