பேரனைக் கட்டிய ஓலை

எழுதிக் கொடுத்தவர் தாத்தா. மாட்டிக்கொண்டவர் பேரன். நடுவில் எத்தனையோ ஆண்டுகள் அந்த ஓலை ஏதோ ஒரு பெட்டியில் பேச்சு மூச்சின்றிக் கிடந்தது. பேரனின் கல்யாணப் பந்தலில்தான் அது வெளியே வந்தது.

திருவண்ணாமலையில் தீபத் திருவிழாவின் ஆறாம் நாள் காலையில் அறுபத்துமூவர் உலா. பள்ளிப் பிள்ளைகள் நாயன்மார்களைத் தோளில் சுமந்து மாட வீதி சுற்றுவார்கள். அந்த வரிசையில் சுந்தரர் வரும்போது அவர் கதை தெரியாதவர் கூட்டத்தில் இருக்க மாட்டார். கதை நடந்த ஊரும் தூரத்தில் இல்லை. தென்பெண்ணையைத் தாண்டித் திருக்கோவிலூர் வழியாகப் போனால் திருவெண்ணெய்நல்லூர். வழக்கு தீர்த்த மண்டபம் என்று அங்கே கோயிலில் இன்றும் காட்டுகிறார்கள்.

பெரியபுராணம் என்ற பக்தி நூலுக்குள் இருக்கும் அந்த வழக்கை ஒருமுறை நீதிமன்ற வழக்காகவே படித்துப் பார்க்கலாம். சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வருகிறார். மாப்பிள்ளை தனக்கு அடிமை என்கிறார். ஒரு அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவதுண்டா என்று மாப்பிள்ளை சிரிக்கிறார். ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போடுகிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அனுபவம், ஆவணம், சாட்சி இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்று சபை கேட்கிறது. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். அதை வாங்கிப் படிக்கிறார்கள். தாத்தா நாவலூர் ஆரூரன், தானும் தன் வழிவந்தவர்களும் வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொண்டு செய்வதாக மனமொப்பி எழுதிக் கொடுத்திருக்கிறார். காப்பிலிருந்த தாத்தாவின் வேறொரு கையெழுத்தை எடுத்து ஒப்பிட்டால் இரண்டும் பொருந்துகின்றன. பேரன் தோற்றார், அடிமை செய்வதே முறை என்று தீர்ப்பாகிறது.

கிழவராக வந்தவர் சிவன் என்பதால் நமக்கு இது அருள் கதை. எனக்கும் அப்படித்தான். ஆனால் சபையில் இருந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. வழக்காடியாக வந்த ஒரு கிழவரைத்தான் அவர்கள் பார்த்தார்கள். ஓலை உண்மையா போலியா என்று அத்தனை நுணுக்கமாகத் துருவிய சபையில், பிறக்காத பேரனை எழுதிக் கொடுக்கத் தாத்தாவுக்கு ஏது உரிமை என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுந்தரர் எட்டாம் நூற்றாண்டுக்காரர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அரசின் உயர் பதவியில் இருந்தவர். மூலம், படி, கையெழுத்து ஒப்பீடு எல்லாம் அவர் அன்றாடம் பார்த்த ஆவண நடைமுறையாகவே இருக்க வேண்டும். பரம்பரை அடிமைத்தனமும் அந்த நடைமுறைக்குள் அடக்கம்.

அதற்கு ஆதாரம் கோயில் சுவர்களிலேயே இருக்கிறது. ஆளை விற்கும் பத்திரத்துக்கு ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு என்று பெயர். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201இல், பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றுக்கொண்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. விற்றவரே விலைபோனவர். அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா என்பது கல்லில் இல்லை.

கோயிலுக்கு விலைபோனவர்கள் கல்லில் ஏறினார்கள். வீடுகளுக்கு விலைபோனவர்கள் ஓலையில் நின்றுவிட்டார்கள். பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, எழுத்து துலங்க மை தடவி, துளையில் நூல் கோத்துக் கட்டி வைப்பது வழக்கம். நிலப் பத்திரம், கடன் சீட்டு, சீதனப் பட்டியல், ஆள் ஓலை எல்லாம் ஒரே பெட்டியில்தான் கிடக்கும். பெரியவர் கண்மூடியதும் பெட்டியைத் திறந்து பிள்ளைகள் பங்கு பிரிப்பார்கள். நஞ்சை ஒருவருக்கு, புஞ்சை ஒருவருக்கு என்று போகும்போது பண்ணையில் கிடக்கும் ஆட்களும் பங்காகப் போனார்கள். பூச்சி அரித்தவையும் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவையும் போக நமக்கு மிஞ்சிய வீட்டு ஓலைகள் குறைவு. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்தில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படியெடுத்த முதலியார் ஓலைகள் தப்பிப் பிழைத்தவற்றில் அடங்கும். ஆள் விற்ற ஓலைகளும் அந்தக் கட்டில் இருந்தன. பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் தமிழகத்தில் அடிமை முறை பற்றி ஒரு தனி நூலே எழுதினார். யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் 1707இல் தேசவழமைச் சட்டத்தைத் தொகுத்தபோது, சொத்துரிமை விதிகளோடு அடிமைகளைப் பற்றிய விதிகளையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் நடந்ததும் வேறல்ல. அடிமைத் தாயின் பிள்ளை அடிமையே என்று அமெரிக்காவின் வர்ஜீனியா 1662இல் சட்டம் போட்டது. 1799இல் ஜார்ஜ் வாஷிங்டன் இறந்தபோது அவர் பண்ணையில் இருந்தவர்கள் 317 பேர். தனக்குச் சொந்தமானவர்களை விடுவிக்கும்படி உயில் எழுதிய அவரால் 153 பேரைத் தொட முடியவில்லை. அவர்கள் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பச் சொத்து. 1802இல் மார்த்தா இறந்ததும் அவருடைய பேரப்பிள்ளைகள் அவர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கணவன் விடுதலையாகி, மனைவியும் பிள்ளைகளும் வேறொரு வீட்டுக்குப் போன குடும்பங்கள் உண்டு. அங்கே காகிதம், இங்கே ஓலை.

நம் ஓலைக்கு வருவோம். கும்பினி ஆட்சியில் திருவண்ணாமலை தென்னார்க்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. 1843 ஏப்ரலில் கும்பினி அரசு கொண்டுவந்த அடிமைமுறை பற்றிய ஐந்தாம் சட்டம் இந்தத் தாலுகாவுக்கும் பொருந்தியது. அது நாலே பிரிவுகள் கொண்டது. வரி பாக்கிக்காகவோ கோர்ட் டிக்கிரிக்காகவோ எந்த அரசு அதிகாரியும் ஆளை அடிமையென்று விற்கக் கூடாது என்கிறது முதல் பிரிவு. அப்படித் தடுக்க வேண்டிய நிலைமை இருந்திருக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. இன்னார் என் அடிமை என்று வருகிறவனுக்காகக் கோர்ட் எந்த உரிமையையும் நிலைநாட்டாது என்கிறது இரண்டாவது. வெண்ணெய்நல்லூர் சபை கேட்காத கேள்விக்கு அங்கேதான் பதில் வந்தது. அதைவிட என்னை நிறுத்தியது மூன்றாம் பிரிவு. ஒருவர் உழைத்துச் சேர்த்த சொத்தையோ வாரிசாக அடைந்த சொத்தையோ, அவர் அடிமை என்றோ அவருக்கு அதை விட்டுச்சென்றவர் அடிமை என்றோ சொல்லிப் பறிக்கக் கூடாது. அதுவரை சொத்தாகப் பங்கு பிரிக்கப்பட்டவர்களுக்கும் வாரிசுரிமை உண்டு என்று எழுதிய வரி அது.

எழுதியதோடு சரி. அடிமையை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை அந்தச் சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஓலை உருமாறிவிட்டது. ஆளை விற்கும் பத்திரம் போய், கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய கடனுக்கு வேலை செய்து கழிப்பதாக எழுதும் சீட்டு வந்தது. படியாள், பண்ணையாள் என்று பெயர் மாறியது. கடன் கழிவதில்லை, அப்பனுக்குப் பிறகு மகன் கலப்பை பிடித்தான். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892இல் பஞ்சமி நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. பிள்ளைக்கு விட்டுச்செல்ல ஒரு துண்டு நிலம் என்பதுதான் அதன் பலன். அந்த நிலங்கள் எப்படிக் கைமாறிப் போயின என்பது தனியாக எழுத வேண்டிய பெரிய கதை. 1994இல் செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் செத்தார்கள்.

1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் படிக்கும்போதுதான் ஓலையின் முகம் மறுபடி தெரிகிறது. கொத்தடிமை முறை எது என்று விளக்கும் இடத்தில், தானோ தன் முன்னோரோ வாரிசுகளோ வாங்கிய முன்பணத்துக்காக உழைப்பதும், வாரிசு முறையில் வந்து சேர்ந்த கடமைக்காக உழைப்பதும், இன்ன சாதியில் பிறந்ததற்காக உழைப்பதும் அதில் அடங்கும் என்று வரிசையாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் எதுவும் செல்லாது, கடன் அப்போதே தீர்ந்தது என்கிறது.

இன்றைக்கு ஓலையும் இல்லை, முத்திரைத் தாளும் இல்லை. முதலாளியின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் அதிகம். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து இருளர் பழங்குடிக் குடும்பங்களை மேஸ்திரிகள் அட்வான்ஸ் கொடுத்துச் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் கரும்பு வெட்டவும் கூட்டிப் போகிறார்கள். கணக்கு எழுதுவது முதலாளி, படிக்கத் தெரியாதவர் உழைப்பாளி. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து பிள்ளைகளோடு சேர்த்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கிடந்த படம் பத்திரிகைகளில் வந்தது. அவர் பட்ட கடன் ஆயிரம் ரூபாய் என்று செய்தி.

மீட்கப்பட்டவர் கையில் கடைசியாக வந்து சேர்வது விடுதலைச் சான்றிதழ். ஒரே தாள். போட்டோ, பெயர், ஊர், கோட்டாட்சியர் கையெழுத்து, கோபுர முத்திரை. வாங்கிய கடன் ரத்து என்று அதில் இருக்கும். இந்தத் தாளை வைத்துத்தான் உடனடி உதவி முப்பதாயிரம் ரூபாய் வரை கிடைக்கும். முழு மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம். அது பெரும்பாலும் வழக்கு முடிந்து முதலாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான். சாட்சி சொல்லக் கூப்பிடும்போது குடும்பம் வேறொரு சூளையில் இருக்கும்.

அந்தக் குடும்பத்துப் பிள்ளை பள்ளியில் நிலைக்கவும் உதவித்தொகை வாங்கவும் பழங்குடிச் சாதிச் சான்று வேண்டும். அதையும் கையெழுத்திட்டுக் கொடுப்பவர் அதே கோட்டாட்சியர்தான். அதற்காக இருளர்கள் மனுவோடு ஆண்டுக்கணக்கில் அலைவது இந்தப் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. சம்பவ இடத்துக்கே வந்து விசாரித்து விடுதலைத் தாளில் கையெழுத்திடுகிறவர், அதே குடும்பத்தின் பிள்ளைகளுக்கு அதே நாளில் சாதிச் சான்றையும் கொடுத்து அனுப்ப என்ன தடை?