காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு: மெய்ப்பிக்கும் சுமை யாருடையது?

ஆயுள் காப்பீட்டில் முன்மொழிவுப் படிவத்தில் கையெழுத்திடுபவர் ஒருவர்; பணம் கேட்டு வருபவர் இன்னொருவர். படிவத்தில் எழுதியது மெய்யா பொய்யா என்ற வழக்கு எழும்போது, எழுதியவர் உயிரோடு இருப்பதில்லை. இந்தச் சமனின்மையைக் குறைக்கவே 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தில் 45ஆம் பிரிவு இருக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதை வலுப்படுத்தியது. ஆனால் அதே கையோடு நாமினியின் தலையில் புதியதொரு சுமையையும் ஏற்றிவிட்டது.

உண்மையை மறைக்கலாகாது என்ற கடமைக்கு மூலமாக 1766ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வந்த கார்ட்டர் எதிர் போம் தீர்ப்பைக் காட்டுவார்கள். சுமத்ராவின் மார்ல்பரோ கோட்டையைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றியது. கோட்டையின் பலவீனத்தை, அதற்குக் காப்பீடு எடுத்திருந்த ஆளுநர் மறைத்துவிட்டார் என்று காப்பீட்டாளர் பணம் தர மறுத்தார். காப்பீட்டாளர் தாமே அறிந்திருக்க வேண்டியதைப் பிறர் சொல்லவில்லை என்று குறைகூற முடியாது என்றார் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு; வென்றவர் ஆளுநரே. நன்னம்பிக்கை இரு தரப்பையும் கட்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

பழைய 45ஆம் பிரிவின்படி, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் மோசடியைக் காட்டிப் பாலிசியை மறுக்க முடிந்தது. இன்று மூன்று ஆண்டுகள் கடந்தால் மோசடி உட்பட எக்காரணம் கொண்டும் மறுக்க இயலாது. மோசடியற்ற தவறான தகவலுக்காக அதற்குள் மறுத்தாலும், கட்டிய பிரீமியத்தை 90 நாளில் திருப்பித் தர வேண்டும்.

ஓட்டைகள் இரண்டு. காலாவதியான பாலிசியை உயிர்ப்பித்தால் அந்த நாளிலிருந்து மூன்றாண்டுக் கணக்கு மறுபடி தொடங்குகிறது. பத்தாண்டு பிரீமியம் கட்டியவரும் புதியவராகிறார். அதைவிடக் கடுமையானது, மோசடிக் குற்றச்சாட்டைப் பொய்யென நிறுவும் பொறுப்பைப் பாலிசிதாரர் இறந்திருந்தால் பயனாளியின்மேல் சுமத்தும் விதி. கணவர் தம் நோயை அறிந்திருந்தாரா என்பதற்கு மனைவி எந்தச் சான்றைக் கொண்டுவருவார்?

நீதிமன்றத் தீர்ப்புகளும் இரு திசையில் நிற்கின்றன. வேறொரு பாலிசி இருந்ததைச் சொல்லாமல் விட்ட வழக்கில், 2019இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. படிவத்தை முகவர் நிரப்பினார் என்ற வாதம் எடுபடவில்லை. 2024இல் அதே வகைக் குற்றச்சாட்டை நிறுவனம் ஆவணத்தால் மெய்ப்பிக்கவில்லை என்று கூறி, இறந்தவரின் மகளுக்குப் பணம் வழங்க உத்தரவிட்டது.

இந்த இரண்டில் பின்னதே சரியான பாதை. மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடவும் பழைய பாலிசிகளை விசாரிக்கவும் வசதி படைத்தது நிறுவனம்தான். அந்த விசாரணையைப் பிரீமியம் வாங்கும்போது செய்யாமல், மரணச் சான்றிதழ் வந்தபின் தொடங்குவது நன்னம்பிக்கை ஆகாது. பிரிட்டன் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால், கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்துடன் பதில் சொல்வதே நுகர்வோரின் கடமை என்று வரையறுத்துவிட்டது.

நாடாளுமன்றம் 45ஆம் பிரிவிலிருந்து பயனாளியின்மேல் சுமையேற்றும் அந்த விதியை நீக்க வேண்டும். அதுவரை, முகவர் நிரப்பிய படிவத்தை வரிக்கு வரி படித்துப் பார்த்தே பாலிசிதாரர் கையெழுத்திட வேண்டும்.